கல்வெட்டில் ஓர் எழுத்துப் பிழை

ரொறன்ரோ
2024 ஒக்ரோபர் 21

அன்புள்ள சீமோனுக்கு,

கலைஞர் பரிமாற்றத் திட்டத்தில் சேர்ந்த கியூரேட்டர்கள் தங்கள் சொந்த மொழியில் ஆளுக்கு ஐந்து கடிதமாவது மின்னஞ்சலில் எழுத வேண்டும், அவை கண்காட்சி நூலில் அச்சாகும் என்று அறக்கட்டளை கறாராகச் சொல்லிவிட்டது. பதினைந்து வருடமாக ஆங்கிலத்தில் கண்காட்சிச் சுவர்க்குறிப்பு எழுதிப் பழகிய கை. தமிழில் ‘நலம், நலமறிய ஆவல்’ தாண்டி என்ன வருமென்று எனக்கே தெரியாது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொரியாவின் சோல் நகரத்தில் நாம் சந்தித்த அந்தக் காலை விருந்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நாற்பத்தெட்டு கியூரேட்டர்கள், நாற்பத்தெட்டுக் கழுத்து அட்டைகள். எல்லோரும் முகத்தைப் பார்க்காமல் அட்டையைப் பார்த்தே கைகொடுத்தார்கள். உங்கள் சட்டையில் கோப்பி கொட்டி நீங்கள் ‘ஐயையோ’ என்று கத்தினீர்களே, அன்று அந்த மண்டபத்தில் யாரும் சொன்ன ஒரே உண்மையான சொல் அதுதான்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்திலிருந்து பொன்னம்பலம் அங்கிளை அனுப்புகிறேன். எழுபத்திரண்டு வயது. அளவெட்டியில் பிறந்து, அகதியாக வந்து, பார்க்டேலில் ஒரு பழைய அடுக்குமாடியில் பதினேழு வருடம் படம் வரைந்தவர். இப்போது மோர்னிங்சைட்டில் இருக்கிறார். நெஞ்சில், இதயக் குழாய்க்குள், ஒரு ‘ஸ்ரென்ட்’ இருக்கிறது, அதைவிடப் பெரிய பிடிவாதமும் இருக்கிறது. இதுவரை தூரிகையைத் தவிர வேறெதையும் தொடாதவர், திடீரென்று ‘கல்லிலை செய்யப்போறன்’ என்றார். என்ன செய்வார் என்று விண்ணப்பத்தில் எழுதக் கேட்டேன். ‘உருவம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அவர் செய்வதைத்தான் மே மாதம் இங்கே காட்சிக்கு வைக்கப்போகிறேன்.

அவருடைய மனைவி சந்திரவதனா அன்ரி விமானநிலையத்துக்கு வந்திருந்தார். காலை, மாலை என்று எழுதி ஒட்டிய மருந்துப் பையை நீட்டினார். அங்கிள் ‘சரி’ என்றார். அன்ரி ‘ம்’ என்றார். நாற்பத்து நான்கு வருட மணவாழ்க்கையில் அன்றைக்கு அவர்கள் கதைத்தது அவ்வளவுதான்.

மருந்தை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்
நிலாணி


சென்னை
2024 நவம்பர் 19

அன்புள்ள நிலாணி,

உங்கள் தமிழுக்கு ஒரு குறையும் இல்லை. குறை எங்கள் ஊர் ஆட்டோ ஓட்டுநருக்குத்தான். பொன்னம்பலம் ஐயா ஏறி உட்கார்ந்ததும் ‘தம்பி, கெதியாப் போங்கோ’ என்றார். ஓட்டுநர் என்னைத் திரும்பிப் பார்த்து, “கெதியா? அது எந்தப் பக்கம் சார்?” என்று கேட்டார். சீக்கிரம் என்று பொருளாம், எனக்கே பிறகுதான் தெரிந்தது. இரண்டு ஊருக்கும் தாய்மொழி ஒன்றே, ஆகவே ‘மொழித் தடை இல்லாத பரிமாற்றம்’ என்று நாம் விண்ணப்பத்தில் பீற்றிக்கொண்டது நினைவிருக்கிறதா? அந்த வரிக்காகத்தான் நமக்கு நிதியே கிடைத்தது என்று கேள்வி. வெளியே சொல்லிவிடாதீர்கள்.

ஐயா மாமல்லபுரம் பக்கத்தில் அன்புராசா என்ற சிற்பியின் பட்டறையில் தங்கியிருக்கிறார். வந்த இரண்டாம் நாளே கைபேசியை ஒரு பெட்டியில் பூட்டிச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டார். “இது மணியடிச்சால் என்ரை கை நடுங்கும்” என்றார். வேலை முடியும்வரை யாரோடும் பேசப்போவதில்லையாம். பட்டறைக்காரரும் அழைத்தால் எடுக்காத ரகம். அவசரம் என்றால் என்னைத்தான் பிடிக்க வேண்டும்.

ஆளுயரக் கருங்கல் ஒன்று எடுத்திருக்கிறார். அதில் என்ன செய்கிறார் என்று உங்களுக்கு மட்டும் சொல்லவே கூடாதென்று சத்தியம் வாங்கியிருக்கிறார். நான் தூத்துக்குடி கத்தோலிக்கன், மாதா மேல் சத்தியம் செய்துவிட்டு மீறினால் அம்மா கனவில் வந்து அடிப்பாள். ஆகவே வாயைத் திறக்க மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன்: நான் இருபது வருடமாகக் கலைஞர்களைப் பார்க்கிறேன், இப்படிப் பயந்துகொண்டு வேலை செய்கிற ஒருவரைப் பார்த்ததில்லை. தினமும் சாயங்காலம் கல்லைத் தார்ப்பாயால் மூடிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்க்கிறார்.

மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறார். உங்கள் அன்ரியின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது.

அன்புடன்
சீமோன்


ரொறன்ரோ
2024 டிசம்பர் 10

அன்புள்ள சீமோனுக்கு,

சத்தியத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இங்கே வேறு தலையிடி. எங்கள் இயக்குநர் இன்று ‘உன் தொடர்பு வலையை இன்னும் விரிக்க வேண்டும்’ என்றார். வலையை விரித்து விரித்து நான் மீன் பிடிப்பதில்லை, மற்ற வலைகளில்தான் போய்ச் சிக்குகிறேன்.

போன ஞாயிறு அன்ரியைப் பார்க்கப் போனேன். அங்கிள் இல்லாத வீடு எப்படியோ வெளிச்சமாக இருந்தது. அவர் படம் வரைகிற அறையின் திரையைக் கழற்றி, அங்கே தையல் மெசினைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார். “அங்கிள் வந்தால்?” என்று கேட்டேன். “வரட்டும். வரேக்கை பாப்பம்” என்றார்.

அன்ரி இருபத்தாறு வருடம் ஒரு பாண் தொழிற்சாலையில், நீங்கள் ‘பிரெட்’ என்பீர்களே, அதைச் சுடுகிற இடத்தில் வேலை செய்தவர். விடிய முதல் போய்விடுவாராம். அங்கிள் படம் வரைவார். எங்கள் நூலில் அங்கிளைப் பற்றி நான் எழுதிய கட்டுரையில் ‘பார்க்டேல் காலத்தில் வறுமையோடு போராடி வரைந்தார்’ என்று ஒரு வரி வருகிறது. அதை அன்ரிக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, “ஆர் போராடினது?” என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அங்கிளிடமிருந்து ஒரு சேதியும் இல்லையே என்று அவர் கேட்கவே இல்லை. எனக்குத்தான் அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

நிலாணி


சென்னை
2025 ஜனவரி 4

நிலாணி,

பயப்பட வேண்டாம். ஐயாவுக்கு நான்கு நாளாகக் காய்ச்சல். நெஞ்சு வலி மாதிரி இருக்கிறது என்றதால் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். இதயத்தில் கோளாறு இல்லை, சளிதான் என்கிறார்கள். இரண்டு நாளில் விட்டுவிடுவார்களாம். வீட்டுக்குச் சொல்ல வேண்டாம் என்கிறார், நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். படுக்கையில் கிடந்துகொண்டு ‘கல், கல்’ என்றே புலம்புகிறார்.

சீமோன்


சென்னை விமான நிலையம்
2025 ஜனவரி 13

நிலாணி,

லிஸ்பனில் கியூரேட்டர் கூட்டம். ஊரே கரும்பும் கையுமாக இருக்கிறது, நான் பெட்டியும் கையுமாக நிற்கிறேன். விமானத்துக்கு நேரமாகிவிட்டதால் சுருக்கமாக எழுதுகிறேன்.

நேற்றுக் காலை எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஐயா கடைசிவரை சிரித்த முகமாகவே இருந்தார். அவருடைய கல்வெட்டு தயாராகிவிட்டது. முப்பத்தொன்றுக்குள் அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். பெயர், உறவு, ஊர் எல்லாம் சரிதானா என்று வீட்டில் ஒருவர் பார்த்து, எழுத்துப் பிழை இருந்தால் சொன்னால் நல்லது. படத்தை லிஸ்பன் போய் அனுப்புகிறேன்.

இன்னொன்று. ஐயா இனி டொராண்டோவுக்குத் திரும்பி வரமாட்டார். இதைச் சந்திரவதனா அம்மாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். எனக்கு வாய் வரவில்லை.

இப்படி ஒரு மனிதரோடு மூன்று மாதம் இருந்தது என் பாக்கியம்.

சீமோன்


ரொறன்ரோ
2025 ஜனவரி 15

சீமோன்,

உங்கள் ஃபோனுக்கு எத்தனை தரம் அடித்தேன் என்று எனக்கே தெரியாது. நிறுத்தி வைத்திருக்கிறது. உங்கள் அலுவலகத்தில் பொங்கல் விடுமுறை, மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. பட்டறையின் எண் என்னிடம் இல்லை. ஆகவே இதை எழுதுகிறேன். எங்கே, எப்போது வாசிப்பீர்களோ.

உங்கள் கடிதத்தை வேலைத்தலத்தில் நின்றபடி வாசித்தேன். என்னால் நம்ப முடியவில்லை. சளிதான் என்றீர்களே! நான்தானே அந்த மனிசனை அனுப்பினேன்? எழுபத்திரண்டு வயதில், நெஞ்சில் ஸ்ரென்ட்டோடு, என்னுடைய கண்காட்சிக்காக?

நேற்றுத் தைப்பொங்கல். காலமை பத்து மணிக்கு அன்ரி வீட்டுக்குப் போனேன். அடுப்பில் பானை, பால் பொங்குகிற தறுவாய். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. ‘அங்கிள் இனி வரமாட்டார் அன்ரி’ என்றேன் என்று நினைக்கிறேன். அன்ரி என்னைப் பார்த்தார். அடுப்பை நிற்பாட்டினார். பானையை இறக்கி வைத்தார். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

“அப்பாடா” என்றார்.

சீமோன், நான் பிழையாகக் கேட்கவில்லை. பாரம் இறக்கி வைத்தவர் சொல்வது போல, சத்தமாக, மூச்சோடு. பிறகு இரண்டு கையையும் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய், தாலிக்கொடியைத் தலைக்கு மேலால் கழற்றினார். மேசையில் பொங்கலுக்கு முந்திரிப்பருப்பு எடுத்த கஜு ரின் திறந்தபடி இருந்தது. அதற்குள் போட்டு மூடியை இறுக்கினார். அழவில்லை. ஒரு சொட்டும் இல்லை. “பிள்ளை, தேத்தண்ணி குடிக்கிறியோ?” என்று என்னைக் கேட்டார்.

மகன் மிதுனன் ஸ்ரௌவ்வில்லில் இருந்து ஓடி வந்தான். பின்னேரத்துக்குள் மரண அறிவித்தல் இணையத்தில் வந்துவிட்டது: ‘அளவெட்டியைப் பிறப்பிடமாகவும் ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்ட ஓவியர் பொன்னம்பலம் அவர்கள் இந்தியாவில் சிவபதம் அடைந்தார்.’ றேடியோவிலும் வாசித்தார்கள். வீடு நிறையச் சனம். வந்த பெண்கள் எல்லாருக்கும் அங்கிள் செத்ததைவிட அன்ரியின் வெறுங் கழுத்துத்தான் அதிர்ச்சி. “சவம் வரமுன்னம் ஆராவது தாலி கழட்டுவினமோ?” என்று ஒருவர் குசினி அடுப்படியில் குசுகுசுத்தார். அன்ரிக்குக் கேட்டது. “பாரமாய் இருந்தது, கழட்டினன்” என்றார்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஒரே நாளில் எப்படி அவருக்குக் கல்வெட்டும் செய்து முடித்தீர்கள்? எங்கள் ஆட்களிடம்தான் அந்த வழக்கம், இந்தியாவில் கிடையாது என்று நினைத்திருந்தேன். எங்களுக்கே முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குள் அச்சடித்து எடுக்க நாக்குத் தள்ளும். மிதுனனும் இங்கே ஒன்று அடிக்கப்போகிறான், வெண்பா எழுத ஆளும் பிடித்துவிட்டான். முன் அட்டைக்கு நல்ல படம் ஒன்று வேண்டுமாம்.

உடம்பை எப்போது அனுப்புவீர்கள்?

நிலாணி


லிஸ்பன்
2025 ஜனவரி 16

நிலாணி,

உங்கள் கடிதம் பார்த்து நான் அழைத்தபோது, ஃபோனில் நீங்கள் அலறியதில் பாதிதான் சொல்ல முடிந்தது. ஆகவே எழுத்திலும் சொல்கிறேன், சாட்சிக்கு இருக்கட்டும்: ஐயா உயிரோடு இருக்கிறார். இன்று காலை பட்டறைக்கு ஆள் அனுப்பிப் பார்த்தேன். இரண்டு தோசை சாப்பிட்டிருக்கிறார். மூன்றாவது வேண்டும் என்றிருக்கிறார்.

உங்கள் கடிதத்தை இங்கே ஒரு வட்டமேசைக்கு நடுவில் வாசித்தேன். என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். ‘எல்லைகளைத் தாண்டும் மொழி’ என்று ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். எனக்குக் கருத்துச் சொல்ல ஏதோ இருக்கிறதென்று ஒலிவாங்கியை நீட்டினார்கள். ‘நான் ஒரு மனிதரைக் கொன்றுவிட்டேன்’ என்று தமிழில் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கைதட்டினார்கள்.

நிலாணி, கல்வெட்டு என்றால் எங்களுக்குக் கல்லில் வெட்டிய எழுத்து! கோயில் சுவரில் இருக்குமே, ராஜாக்கள் காலத்து எழுத்து, அது. பள்ளிக்கூடத்தில் வரலாற்றுப் பாடத்தில் மனப்பாடம் செய்த சொல். செத்தவருக்கு அச்சடிக்கிற புத்தகத்துக்கு உங்கள் ஊரில் அதே பெயர் என்று உங்கள் கடிதம் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். முப்பத்தொன்று என்றது ஜனவரி முப்பத்தொன்று, கண்காட்சி நூல் அச்சுக்குப் போகும் நாள். எல்லாம் முடிந்தது என்றது வேலை முடிந்தது. இப்போது என் கடிதத்தை நானே திருப்பி வாசித்தேன். கருமாதிக் கடிதம்தான், சந்தேகமே இல்லை. என்னை மன்னித்துவிடுங்கள் என்று கேட்கக்கூடக் கூச்சமாக இருக்கிறது.

சத்தியத்தை இனிக் காப்பாற்றிப் பயனில்லை. ஐயா முதல் மாதம் என்னோடு ஒரு பழைய கோயிலுக்கு வந்தார். சுவர் முழுக்க யார் யார் என்னென்ன கொடுத்தார்கள் என்று வெட்டியிருக்கும். விளக்கு கொடுத்தவர், நிலம் கொடுத்தவர். கடைசியில் ‘சந்திராதித்தவரை’ என்று முடியும், சந்திரனும் சூரியனும் உள்ளவரை இது நிற்கட்டும் என்று பொருள். ஐயா அந்தச் சுவரடியில் இரண்டு மணி நேரம் நின்றார். திரும்பி வரும்போது, “எனக்குத் தந்த ஆளின்ரை பேர் ஒரு இடத்திலையும் இல்லை” என்றார். அதற்குப் பிறகுதான் உருவம் வேண்டாம், எழுத்து என்று முடிவு செய்தார். கல்லில் இருப்பது இதுதான். படமும் இத்துடன் வருகிறது.

சந்திரவதனா கையிலிருந்து கொடுத்தது:
இருபத்தாறு குளிர்காலத்து விடியற்காலைகள்.
பாண் அடுப்பில் வெந்த வலது முழங்கை.
போகாமல் விட்ட நர்சிங் படிப்பு.
பார்க்டேல் வீட்டில் வெளிச்சம் விழுந்த ஒரே அறை.
கேட்காமல் விட்ட கேள்விகள்.
இது சந்திராதித்தவரை நிற்க.
வாங்கியவன், அளவெட்டிப் பொன்னம்பலம்.

திரும்பி வரமாட்டார் என்று நான் எழுதியது உண்மைதான். “உதை அவ வாசிச்சாப் பிறகு நான் என்ன முகத்தோடை அந்த வீட்டுக்குப் போறது? நான் இஞ்சையே இருந்திடுறன்” என்று அன்றிரவு அழுதார். அதைத்தான் பக்குவமாகச் சொல்லச் சொன்னேன்.

நீங்கள் சொன்ன அந்த ‘அப்பாடா’வை அவரிடம் நான் எப்படிச் சொல்வேன்? சொல்லத்தான் வேண்டுமா?

சீமோன்


ரொறன்ரோ
2025 ஜனவரி 19

சீமோன்,

செத்தவீட்டுச் செய்தி சொல்வது கஷ்டம் என்பார்கள். செத்தவர் சாகவில்லை என்று செத்தவீட்டில் போய்ச் சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும்.

உங்கள் அழைப்பு வந்த அன்றே போனேன்; முன்னறையில் இருபது பேராவது இருந்தார்கள். மேசையில் அங்கிளின் படம், மாலை, விளக்கு. மிதுனனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். ‘வட்?’ என்றான் ஆங்கிலத்தில். திரும்பச் சொன்னேன். ‘வட் டு யூ மீன், கல்வெட்டு?’ என்றபடி சுவரில் சாய்ந்தான். பிறகு படத்தடியில் போய் நின்று மாலையைக் கழற்றினான். பார்த்துக்கொண்டிருந்த சனம் ஒன்றாக எழும்பிவிட்டது. ஒருவர் ‘முருகா’ என்றார். இன்னொருவர், “அப்ப றேடியோவுக்கு ஆர் சொல்லுறது?” என்றார். கொண்டுவந்த இடியப்பத்தைத் திருப்பிக் கொண்டுபோவதா விடுவதா என்று தெரியாமல் ஓர் அம்மா தட்டோடு நின்றார். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நிலம் வெடித்து உள்ளே போகலாம் போல இருந்தது.

அன்ரி எழும்பிக் குசினிக்குள் போனார். நானும் பின்னால் போனேன். கஜு ரின்னைத் திறந்து உள்ளே பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். எடுத்துப் போடுவார் என்றுதான் நினைத்தேன். மூடியைத் திரும்ப இறுக்கினார்.

“கழட்டினது கழட்டினதுதான்” என்றார்.

“அன்ரி, அங்கிள் உயிரோடை...”

“எனக்கு விளங்குது பிள்ளை. நல்லது. நல்லாய் இருக்கட்டும். அதுக்கும் இதுக்கும் என்ன?”

அன்று சனம் எல்லாம் போனபிறகு கல்லின் படத்தைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். வாய்க்குள் முணுமுணுத்து, வரிக்கு வரி விரலை வைத்து. முழங்கை வரியில் தன்னுடைய வலது முழங்கையைத் தடவினார். கடைசிக்கு வந்து, திரும்ப முதல் வரிக்குப் போனார். இப்போது அழுவார், எல்லாம் சரியாகிவிடும் என்று நான் காத்திருந்தேன். சீமோன், எனக்கு வெட்கமாக இருக்கிறது, அந்த நேரத்திலும் என்னுடைய கியூரேட்டர் மூளை ‘இந்தக் காட்சியை நூலில் போட வேண்டும்’ என்று நினைத்தது.

“எழுத்துப் பிழை பாக்கச் சொன்னவையெல்லோ?” என்றார்.

“ஓம் அன்ரி.”

“முதல் வரியிலை ஒரு எழுத்துப் பிழை.”

நான் குனிந்து பார்த்தேன். பேர் சரி. ஒற்றுச் சரி. “எங்கை அன்ரி?”

“நான் குடுக்கேல்லைப் பிள்ளை. குடுக்கிறதெண்டால் ஆராவது என்னட்டைக் கேட்டிருக்கோணும். நான் ஓம் எண்டிருக்கோணும். ஒரு நாளும் கேக்கேல்லை. எடுத்தவர்.” ‘கொடுத்தது’ என்ற சொல்லின் தலையில் விரலை வைத்தார். “இந்தக் ‘கொ’வை வெட்டிப்போட்டு ‘எ’ போடச் சொல்லு. மிச்சமெல்லாம் சரி.”

சந்திரவதனா கையிலிருந்து எடுத்தது. ஒரே ஓர் எழுத்து. இத்தனை வருடமாக ஆயிரம் சுவர்க்குறிப்பு எழுதியிருக்கிறேன், எவரும் என்னுடைய ஒரு சொல்லை இப்படிப் பிடித்ததில்லை. கடைசி வரியில் ‘வாங்கியவன்’ என்று இருக்கிறதே, அதையும் மாற்றவா என்று கேட்டேன். “அது கிடக்கட்டும். களவெடுத்தவனும் வாங்கினன் எண்டுதானே சொல்லுவான்” என்றார்.

ஒரு கலைஞனின் படைப்பில் கைவைக்க எனக்கு உரிமையில்லை, அது எங்கள் தொழிலின் முதல் பாடம். ஆனால் பிழை பார்க்கச் சொன்னது நீங்கள். பார்த்தவர் சொன்னதை நான் அனுப்புகிறேன். அந்த ‘அப்பாடா’வையும் சொல்லிவிடுங்கள். கேட்காமல் விட்ட கேள்விகள் என்று கல்லில் வெட்டியவருக்குப் பதில் கேட்கத் தைரியம் இருக்கட்டும்.

நிலாணி


சென்னை
2025 ஜனவரி 30

அன்புள்ள நிலாணி,

ஊர் திரும்பியதும் நேராகப் பட்டறைக்குப் போனேன். தான் செத்துப்போன கதையை ஐயா முதலில் ரசித்துத்தான் கேட்டார். மரண அறிவித்தலைக் காட்டினேன். “படம் நல்லாய்த்தான் போட்டிருக்கிறான்” என்றார். யார் யார் வந்தார்கள் என்று கேட்டார். யார் வரவில்லை என்றும் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அவ அழுதவவோ?” என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னது உண்மையைத்தான். பானையை இறக்கியது, அப்பாடா, கஜு டின், எல்லாம். ஐயா நின்ற இடத்திலேயே கல்தூள் மேல் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகலாமா என்று பயந்தேன். “அப்பாடா எண்டவவோ?” என்று மட்டும் கேட்டார். நான்கைந்து தடவை அதையே கேட்டார். ஒவ்வொரு தடவையும் நான் ‘ஆமாம்’ என்றேன். அதைவிடக் கொடுமையான வேலையை நான் செய்ததில்லை.

அந்த ஓர் எழுத்தைப் பற்றி மறுநாள்தான் சொன்னேன். அன்று அவர் சாப்பிடவில்லை. அதற்கு அடுத்த நாள் காலையில் தார்ப்பாயை இழுத்து எறிந்துவிட்டு அன்புராசாவைக் கூப்பிட்டார். அன்புராசா கல்லைத் தடவிப் பார்த்தார். “கருங்கல்லுல அழிக்கிறதுன்னு ஒண்ணு கிடையாது சார். கொத்தித்தான் எடுக்கணும். ‘கொ’ மூணு எடம் புடிக்குது, கொம்பு, க, கால். ‘எ’ ஒரு எடம்தான். மிச்சம் ரெண்டும் பள்ளமாத் தெரியும். வேணும்னா கல்லு முழுக்க ஒரு அங்குலம் எறக்கிட்டுப் புதுசா வெட்டலாம், யாருக்கும் தெரியாது.”

“தெரியட்டும்” என்றார் ஐயா.

உளியை அன்புராசாவிடம் கொடுக்கவில்லை. தானே கொத்தினார். மூன்று நாள் ஆயிற்று. நூலுக்கான புதிய படம் இத்துடன் இருக்கிறது, அச்சகத்தில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாரம் வாங்கியிருக்கிறேன். ‘கையிலிருந்து’ என்பதற்கும் ‘எடுத்தது’ என்பதற்கும் நடுவில் ஒரு குழி இருக்கிறது, பாருங்கள். என் ஆயுளில் இதைவிட நல்ல ஒரு படைப்பை நான் காட்சிக்கு வைக்கப்போவதில்லை, வைக்கப்போவது நீங்கள் என்பதில் கொஞ்சம் பொறாமையும் உண்டு.

பெட்டிச் சாவியை என்னிடம் கேட்டு வாங்கிக் கைபேசியை எடுத்தார். கையில் வைத்துக்கொண்டே இருந்தார், அழைக்கவில்லை. என்னிடம்தான் சொல்லி அனுப்பினார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்:

“பிழையைத் திருத்திப்போட்டன் எண்டு சொல்லுங்கோ. நான் வரலாமோ எண்டும் ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ.”

சீமோன்


ரொறன்ரோ
2025 பெப்ரவரி 2

அன்புள்ள சீமோனுக்கு,

நேற்றுப் பின்னேரம் மோர்னிங்சைட் போனேன். வெளியே முழங்காலளவு பனி. அன்ரி அந்த அறையில் தைத்துக்கொண்டிருந்தார். கழுத்து வெறுமையாய் அப்படியேதான் இருக்கிறது. கஜு ரின் குசினித் தட்டில், சீனிக்கும் தேயிலைக்கும் நடுவில் இருக்கிறது.

புதிய படத்தைக் கொடுத்தேன். அன்ரி மெசினை நிற்பாட்டிவிட்டு வாசித்தார். அந்தக் குழியைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். காட்டினேன். “தன்ரை கையாலையோ கொத்தினவர்?” என்று கேட்டார். ஓம் என்றேன். “மூண்டு நாளோ?” என்றார். ஓம் என்றேன். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு யன்னலைப் பார்த்தார். அழுதாரோ என்று என்னிடம் கேட்க வேண்டாம். நான் பார்க்கவில்லை, வேண்டுமென்றே பார்க்கவில்லை.

பிறகு அங்கிள் கேட்ட கேள்வியைச் சொன்னேன். நாற்பத்து நான்கு வருடத்தில் அவர் அன்ரியிடம் கேட்டனுப்பிய முதல் கேள்வியாக இருக்கும் என்று நினைக்கிறேன். அன்ரிக்கும் அது விளங்கியது. என் பையிலிருந்த கப்பல் படிவங்களைக் கண்டு அது என்னவென்று கேட்டார். கல்லை இங்கே கொண்டுவருவதற்கு என்றேன். பெறுநர் என்ற இடம் வெறுமையாக இருந்ததை விரலால் தொட்டார்.

“உதிலை என்ரை பேரைப் போடு” என்றார். “கல்லு முதல் வரட்டும். நான் தொட்டு வாசிக்கோணும். ஆளைப் பிறகு பாப்பம்.”

நிலாணி